கார் இடது பக்கமே இழுக்கிறது, அலைன்மென்ட் செய்தும் சரியாகவில்லை

வெளிர்நீலம்:
வணக்கம். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினாலே வண்டி இடது ஓரத்துக்குப் போகிறது. இரண்டு முறை அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) செய்தாகிவிட்டது. நாளை மறுநாள் அப்பாவை அழைத்துக்கொண்டு வெளியூர் போக வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

மண்சாலை:
எப்போதும் இழுக்கிறதா, பிரேக் பிடிக்கும்போது மட்டுமா, வேகம் எடுக்கும்போதா? டயர் சமீபத்தில் மாற்றினீர்களா? பள்ளத்தில் எதிலாவது இடித்ததா?

ஸ்பேனர்12:
டயர்தான், சந்தேகமே வேண்டாம். என் வண்டியில் மூன்று மாதம் அலைந்து கண்டுபிடித்தேன். ரேடியல் டயரின் உள்பெல்ட் (ரப்பருக்குள் இருக்கும் கம்பி அடுக்கு) சற்று விலகியிருந்தாலும் ஒரு பக்கம் இழுக்கும். முன் சக்கரங்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இழுப்பும் வலப்பக்கம் மாறினால் டயர். ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும் என்று அம்புக்குறி உள்ள டயர் என்றால் மட்டும் இப்படி மாற்றாதீர்கள்.

கேம்பர்காரர்:
இங்கே பத்து வருடமாக எழுதுகிறேன், இன்னும் இதே மாதிரிக் கேள்விதான் வருகிறது. அலைன்மென்ட் செய்தேன் என்றால் போதுமா? அளவுத் தாள் எங்கே? டோவை (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் திருகி அனுப்பியிருப்பார்கள். டோ பிசகினால் டயர் தேயும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும். இழுப்புக்குக் கேம்பரும் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) காஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) இரு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் அடிப்படையைப் படியுங்கள்.

தூறல்:
காற்று பார்த்தீர்களா? டயர் சூடாகும் முன் பாருங்கள். நைட்ரஜன் நிரப்பினால் இந்தத் தொல்லையே வராது.

ஸ்பேனர்12:
சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இரண்டு டயரிலும் அளவு ஒன்றாக இருந்தால் போதும்.

தூறல்:
நைட்ரஜன் மெதுவாகத்தான் கசியும். அனுபவித்துச் சொல்கிறேன்.

மண்சாலை:
அதற்குத் தனி இழை தொடங்குங்களேன். வெளிர்நீலம், பதில் சொல்லுங்கள்.

வெளிர்நீலம்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். காற்று சரி. டயர் பழையதுதான். காலையில் கிளம்பும்போது நேராகப் போகும். 15 நிமிடம் ஓட்டிய பிறகுதான் இழுக்கிறது.

மண்சாலை:
முக்கியமான விவரமே இதுதான்! அலைன்மென்ட் கோளாறு என்றால் கிளம்பும்போதே இழுத்திருக்கும். உங்களுக்கு இடது முன் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஓட்டி நிறுத்தியதும் இரண்டு முன் சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கைத் தொடாதீர்கள், சுட்டுவிடும். இடது பக்கம் மட்டும் அனல் அடித்தால் காலிபர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகர உதவும் பின் இறுகியிருக்கலாம், அல்லது பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) உள்ளே உப்பியிருக்கலாம். உப்பிய ஹோஸில் மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டதும் திரும்பி வராது. மெக்கானிக்கிடம் சக்கரத்தைத் தூக்கி ப்ளீடர் ஸ்க்ரூவை (பிரேக் ஆயிலை வெளியே விடும் திருகு) லேசாகத் திறக்கச் சொல்லுங்கள். உடனே சக்கரம் சுற்றினால் ஹோஸைப் பார்க்க வேண்டும். இதைச் சரிசெய்யாமல் அப்பாவை அழைத்துக்கொண்டு தூரம் போகாதீர்கள். சூடு ஏறினால் பிரேக்கே கைவிடலாம்.

கேம்பர்காரர்:
காஸ்டரையும் பாருங்கள் என்றுதான் இன்னமும் சொல்வேன்.

வெளிர்நீலம்:
இடது சக்கரம் கொதிக்கிறது. நாளை காலை காட்டுகிறேன்.

வெளிர்நீலம்:
ஹோஸ்தான். இரண்டு பக்கமும் மாற்றியாகிவிட்டது. நேராகப் போகிறது. நன்றி மண்சாலை. கிளம்புகிறோம்.

கிளைநதி:
எனக்குப் பிரேக் பிடிக்கும்போது மட்டும் வலது பக்கம் இழுக்கிறது. இதே ஹோஸ்தானா?

மண்சாலை:
இடது பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டாலும் வண்டி வலப்பக்கம்தான் போகும். இரண்டையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பேட் எப்போது மாற்றினீர்கள்?