டர்ட்டி பைப் ஓட்டைக்கு அந்த இரண்டு வரி போதுமா?

கயல்: 2022-ல டர்ட்டி பைப்ங்கிற பாதுகாப்பு ஓட்டைக்கு வந்த பேட்ச்சை (திருத்தக் கோடை) மறுபடி எடுத்துப் படிச்சேன். சாதாரண யூசர் ஒருத்தர், படிக்க மட்டுமே அனுமதி இருக்கிற ஃபைலை மாத்தி எழுதி ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள யூசர் ஆகிடலாம். லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்ல அவ்வளவு பெரிய ஓட்டை. அதுக்கு இரண்டு ஃபங்ஷன்ல பைப்போட (ப்ராசஸ்களுக்கு நடுவுல டேட்டாவைக் கொண்டுபோற குழாய்) பஃபர்ல இருக்கிற ஃப்ளாக்ஸை, அதாவது குறிகளை, 0 ஆக்கினதோட முடிச்சுட்டாங்க. இது வெறும் ஒட்டுப்போடுற வேலை.

பாண்டி: இரண்டே வரிங்கிறதுதான் அதோட பலம். ஓட்டையைக் கண்டுபிடிச்ச மேக்ஸ் கெல்லர்மன் பிப்ரவரி 20 அன்னைக்கு பேட்ச்சோட ரிப்போர்ட் அனுப்பினார். 23-ம் தேதியே 5.16.11, 5.15.25, 5.10.102னு திருத்தின கெர்னல் பதிப்பு மூணும் வெளியே வந்தாச்சு. ஸ்ட்ரக்டை (பஃபரோட விவரங்களைப் புலம் புலமா வைக்கிற அமைப்பு) நிரப்புற விதத்தையே மாத்தியிருந்தா ரிவ்யூ எப்போ முடிஞ்சிருக்கும்?

கயல்: வேகத்தை நான் குறை சொல்லல. 2016-ல, 4.9 பதிப்புலயே அந்த இரண்டு இடத்திலும் ஃப்ளாக்ஸை நிரப்பாம விட்டுட்டாங்க. அப்போ அதனால ஆபத்து இல்ல. 2020-ல, 5.8-ல "இந்த பஃபரோட தொடர்ந்து எழுதலாம்"ங்கிற குறி ஃப்ளாக்ஸுக்குள்ள வந்தது, உடனே அது ஓட்டையாயிடுச்சு. நாளைக்கு இன்னொருத்தர் புதுசா ஒரு குறி சேர்த்தா?

நிலவன்: இனிட் ஆன் அலாக் (வாங்குற மெமரியை உடனே 0 ஆக்குற அமைப்பு) போட்டு கெர்னலை ஓட்டினா தீர்ந்தது. இல்லேன்னா மெமரி தப்பைத் தடுக்கிற ரஸ்ட் மொழியில எழுதலாம்.

பாண்டி: இரண்டுமே இங்கே உதவாது நிலவன். பைப்போட பஃபர் வளையம், மெமரி வாங்குற கேகாலக் ஃபங்ஷன்லயே 0 ஆகித்தான் வருது. பிரச்சினை அதுக்கு அப்புறம். பைப்பை முழுக்க நிரப்பி முழுக்க காலி பண்ணுங்க, வளையத்தோட எல்லா ஸ்லாட்லயும் பழைய குறி தங்கிடும். இப்போ ஃபைல்லேருந்து ஒரு பைட்டை ஸ்ப்ளைஸ் பண்ணினா (காப்பி எடுக்காம பைப்புக்குள்ள இணைச்சா), ஸ்லாட் பேஜ் கேஷைக் (ஃபைலுக்கு மெமரில இருக்கிற நகலை) காட்டும், குறி மட்டும் பழசு. அடுத்து பைப்ல எழுதுறது நேரா அந்தப் பேஜ் கேஷ்ல போய் விழும். மெமரி தப்பைப் பிடிக்கிற கேசான், கேஎம்சான் கருவி எதுவும் சத்தம் போடாது, ஏன்னா மெமரி முறையா வாங்கி முறையா நிரப்பினதுதான். ரஸ்ட்லயும் பழைய ஸ்லாட்ல புலம் புலமா எழுதினா இதே கதிதான்.

கயல்: என் பக்கத்துக்கு இதைவிட நல்ல வாதம் வேணுமா? எந்தக் கருவியும் பிடிக்காதுன்னா, எழுதுற முறைதான் காப்பாத்தணும். ஸ்ட்ரக்டை ஒரே அசைன்மென்ட்ல முழுசா எழுதினா, சொல்லாம விட்ட புலமெல்லாம் தானா 0 ஆகும். இது எப்படி வெளியே தெரிஞ்சதுன்னும் பாருங்க. 2021 ஏப்ரல்ல கெட்டுப்போன ஜிசிப் (சுருக்கின) லாக் ஃபைல்னு ஒரு புகார். கெல்லர்மனே முதல்ல சிஆர்சியை (சரிபார்ப்பு எண்ணை) கையால திருத்தி டிக்கெட்டை மூடிட்டார். பெரும்பாலும் மாசக் கடைசி நாள் லாக்தான் கெட்டுச்சு, அதுவும் கடைசி 8 பைட். அந்த இடத்துல இருந்தது ஜிப் ஃபைலோட ஹெட்டர் ஆரம்பம். தினசரி லாக்கை எல்லாம் ஸ்ப்ளைஸ் பண்ணி மாச ஜிப் ஆக்கின ப்ராசஸ், கடைசியா எழுதின ஹெட்டர் அது. காரணத்தைக் கண்டுபிடிக்க அடுத்த பிப்ரவரி ஆச்சு.

பாண்டி: மெயின்லைனுக்கு (புது வேலை நடக்கிற முதன்மைக் கெர்னல்) ஒத்துக்கிறேன். ஸ்டேபிள் கிளைக்கு (வெளியான பதிப்புக்குத் திருத்தம் மட்டும் போற கிளை) மாட்டேன். பிக்சல் 6 போன் வரைக்கும் பாதிச்ச விஷயம். அவ்வளவு பேர் போன்ல போற பேட்ச் சின்னதாத்தான் இருக்கணும்.

கயல்: சரி, ஸ்டேபிளை விடுங்க. டீ (ஒரு பைப்ல இருக்கிறதை இன்னொரு பைப்புக்கும் கொடுக்கிற வசதி) கோடைப் பாருங்க: ஸ்ட்ரக்டை முழுசா காப்பி பண்ணிட்டு மெர்ஜ் குறியை, அதாவது அந்த தொடர்ந்து எழுதலாம்ங்கிற குறியை, தனியா அழிச்சிருக்காங்க. ஆபத்து தெரிஞ்சுதான் எழுதியிருக்காங்க. டீ கோடு இருக்கிற எஃப்எஸ் டைரக்டரில இருந்த அந்தக் கவனம், ஓட்டை இருந்த லிப் டைரக்டரிக்குப் போகல. மெயின்லைன்ல அந்த இரண்டு ஃபங்ஷனும் இருந்த பைப் இட்டரேட்டர் கோடே 2023-ல, 6.5-லதான் போச்சு. 5.10-ல இன்னும் இருக்கு.

நிலவன்: 5.10 சோர்ஸ் கோடு மரத்துல பைப் பஃபரைப் புலம் புலமா நிரப்புற இடங்களைத் தேடிப் பட்டியல் போடுறேன். ஃப்யூஸ் ஃபைல் சிஸ்டம் கோடுலேருந்து ஆரம்பிக்கிறேன். இரண்டு பேரும் பார்த்துச் சொல்லுங்க.