நிறுத்தி வைத்த காரை இடித்துவிட்டுப் போய்விட்டார்கள்: கிளைம் போடுவதா, கைக்காசில் சரிசெய்வதா?

நங்கநல்லூர் மாமி:

எல்லாருக்கும் வணக்கம். போன வியாழக்கிழமை காலையில் நடந்தது இது. எங்கள் அபார்ட்மென்டில் சம்ப் கழுவும் வேலை. தண்ணீர் லாரி உள்ளே வர வேண்டும், புதன் ராத்திரியே வண்டிகளை வெளியே எடுத்துவிடுங்கள் என்றார் செயலாளர். நானும் என் வேகன்ஆரைத் தெருவில் இடதுபக்கச் சுவரை ஒட்டி நிறுத்தினேன். கண்ணாடியைக்கூட மடக்கிவிட்டுத்தான் மேலே போனேன்.

காலை ஒன்பது மணிக்குக் கீரை வாங்கக் கீழே இறங்கினால், வலது பின்கதவு உள்ளே போயிருக்கிறது. பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு மடங்கி, பம்பர் மூலை பிய்ந்து தொங்குகிறது. டெய்ல் லேம்ப் சில்லுச் சில்லாக ரோட்டில். இடித்தவர் ஒரு துண்டுச் சீட்டு கூட வைக்கவில்லை. கதவில் ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் கோடு மட்டும் இருக்கிறது. கீரைக்காரம்மாதான் முதலில் பார்த்தது. "வர்றப்பவே இப்படித்தான் இருந்துச்சும்மா" என்கிறார்.

வண்டிக்கு ஆறு வயது. இதுவரை ஒரு கிளைம் கூடப் போட்டதில்லை. பாலிசி முழு காப்பீடுதான். ஆனால் போன வருடம் பெங்களூரில் இருக்கும் என் மகன் ஆன்லைனில் புதுப்பித்தபோது, விலை குறைகிறது என்று 'ஜீரோ டெப்' (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் காப்பீடு) டிக்கை எடுத்துவிட்டானாம். இப்போதுதான் சொல்கிறான்.

சர்வீஸ் சென்டரில் 31,800 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். புதுக் கதவு 9,500, பம்பர் 4,200, டெய்ல் லேம்ப் 2,600, டிங்கரிங் கூலி 6,500, பெயிண்ட் 9,000. ஆதம்பாக்கத்தில் ஒரு டிங்கர், கதவை மாற்றாமல் தட்டி எடுத்து, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து, பம்பரைப் புதுப்பேட்டையில் வாங்கிப் போட்டு 14,000-க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார்.

எதிர்வீட்டுக்காரர் முன்பு பாலிசி பிடித்துக் கொடுத்தவர். "அடையாளம் தெரியாத வண்டி இடித்தது என்று எழுதினால் எஃப்.ஐ.ஆர். கேட்டு இழுப்பான். ரிவர்ஸ் எடுக்கும்போது நானே கேட்டில் இடித்துவிட்டேன் என்று எழுதுங்கள், இரண்டு நாளில் பணம்" என்கிறார். முப்பத்திரண்டு வருடம் தபால் ஆபீஸில் கணக்கு எழுதியவள் நான். பொய்க் கணக்கு எழுதக் கை வரவில்லை. ஆனால் அவர் சொல்வது போல இழுப்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

திருச்சிக்காரன்:

மாமி, பயப்படாதீர்கள். எனக்கு இரண்டு வருடம் முன்னால் தில்லைநகரில் இதே கதை. ஆளுக்கு அடி இல்லை, வேறு யார் சொத்துக்கும் சேதம் இல்லை என்றால் பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். இல்லாமலே நம் வண்டிச் சேதத்தைப் பார்ப்பார்கள். எதற்கும் ஸ்டேஷனில் ஒரு புகார் எழுதிக் கொடுத்து, புகார் வந்தது என்று போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தேதி, நேரம், இடம், வண்டி எண், மஞ்சள் கோடு எல்லாம் அதில் வரட்டும்.

முதலில் தெருவில் யார் வீட்டில் கேமரா இருக்கிறது என்று பாருங்கள். பல வீட்டுக் கேமராக்களில் ஒரு வாரம், பத்து நாளில் பழையது அழிந்துவிடும். இன்றைக்கே போங்கள்.

பட்டறை எஸ்டிமேட்:

கோவையில் பதினோரு வருடம் பாடி ஷாப் எஸ்டிமேட் மேஜையில் உட்கார்ந்தவன். அந்த 'கேட்டில் இடித்தேன்' யோசனையை விட்டுவிடுங்கள் அம்மா. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்தால் முதலில் பார்ப்பது சொட்டையின் உயரத்தையும் ஒட்டியிருக்கும் பெயிண்டையும்தான். உங்கள் கேட் மஞ்சளா? ரிவர்ஸில் இடித்தால் வலது பக்கப் பின்கதவின் நடுவில் எப்படிச் சொட்டை விழும்? பொய் என்று தெரிந்தால் முழு கிளைமையும் தள்ளிவிடலாம். நிறுத்தி வைத்த வண்டியை இடித்துவிட்டுப் போவது அவர்கள் தினம் பார்க்கிற விஷயம். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். படிவத்தில் ஓட்டுநர் யார் என்று கேட்பார்கள். கடைசியாக வண்டியை நிறுத்தியவர் நீங்கள், உங்கள் லைசென்ஸ் நகலை வையுங்கள். சர்வே முடியும்வரை டிங்கரைத் தொட விடாதீர்கள்.

இப்போது கணக்கு. நீங்கள் கணக்குக்காரர், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஜீரோ டெப் இல்லாததால் தேய்மானம் கழிப்பார்கள். ஐந்து வயதைத் தாண்டிய வண்டியில் உலோகப் பாகத்துக்கு 40 சதவீதம். கதவில் 3,800 போச்சு. பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம், பம்பரில் 2,100. டெய்ல் லேம்பையும் பிளாஸ்டிக் கணக்கில்தான் சேர்ப்பார்கள், 1,300. பெயிண்டில் கால் பங்கைப் பொருள் விலை என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 1,125. கூலிக்குத் தேய்மானம் இல்லை. மொத்தம் 8,325. உங்கள் வண்டி 1,500 சிசிக்குக் கீழே என்பதால் கட்டாயக் கழிவு 1,000. ஆக கிளைம் போட்டாலும் 9,325 உங்கள் கையிலிருந்து போகும்.

அடுத்தது பலரும் மறந்துவிடுகிற செலவு, என்.சி.பி., அதாவது கிளைம் போடாதவர்களுக்குத் தரும் தள்ளுபடியை இழப்பது. ஐந்து வருடம் கிளைம் இல்லாததால் உங்களுக்கு 50 சதவீதத் தள்ளுபடி ஓடுகிறது. பாலிசியில் 'ஓன் டேமேஜ்' (நம் வண்டிச் சேதத்துக்கான) பிரீமியம் தள்ளுபடிக்கு முன்னால் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நங்கநல்லூர் மாமி:

தள்ளுபடிக்கு முன் 6,000, தள்ளுபடி போக 3,000. மூன்றாம் நபர் பிரீமியம் தனி.

பட்டறை எஸ்டிமேட்:

மூன்றாம் நபர் பிரீமியத்தை இந்தத் தள்ளுபடி தொடாது, அதை விடுங்கள். கிளைம் போட்டால் அடுத்த புதுப்பிப்பில் தள்ளுபடி பூஜ்யம், 3,000 அதிகம் கட்டுவீர்கள். அதற்கடுத்த வருடங்களில் 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50-க்கு வரும். அந்த நான்கு வருடத்தில் 1,800, 1,500, 900, 300. எல்லாம் சேர்த்து 7,500. வண்டி மதிப்பு இறங்க இறங்கப் பிரீமியமும் குறையும், அதனால் நிஜத்தில் கொஞ்சம் கம்மியாக வரும்.

9,325-ம் 7,500-ம் 16,825. ஆதம்பாக்கம் டிங்கர் கேட்பது 14,000. தட்டி எடுத்த கதவு போதும் என்றால் கிளைம் போடாதீர்கள். புதுக் கதவுதான் வேண்டும் என்றால் போடுங்கள். என் அம்மா வண்டியாக இருந்தால் தட்டித்தான் எடுப்பேன். ஜீரோ டெப் இருந்திருந்தால் கதையே வேறு. (மகனை ரொம்பத் திட்டாதீர்கள், நான் பார்க்கிற பத்தில் ஆறு பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.)

வாய்தா:

வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், அந்த அளவுக்கு மட்டும் சொல்கிறேன். அடித்துவிட்டு ஓடினால் அரசு பணம் தரும் என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். 2022-இல் வந்த அந்தத் திட்டம் உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 என்று ஆட்களுக்கு மட்டுமே. காருக்கு இல்லை.

ஆனால் வண்டி நம்பர் கிடைத்துவிட்டால் நிலைமை மாறும். அடுத்தவர் சொத்துக்குச் சேதம் ஏற்படுத்திய ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு சொல்கிறது. அவருடைய மூன்றாம் நபர் காப்பீட்டிலும் உங்கள் சேதத்தைக் கேட்கலாம். சென்னையில் அதற்குச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் இருக்கும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். 14,000 ரூபாய்க்கு வாய்தா வாய்தாவாக அலைவது உங்கள் இஷ்டம். நான் போகமாட்டேன். நம்பரை வைத்துக்கொண்டு நேரில் பேசுங்கள்.

நங்கநல்லூர் மாமி:

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மூன்றாவது வீட்டில் கேமரா இருந்தது. அந்த வீட்டுப் பையன் அரைமணி நேரம் உட்கார்ந்து தேடிக் கொடுத்தான். காலை 7:52. எதிரே குட்டியானை ஒன்று வர, அதற்கு வழிவிட ஒதுங்கிய ஒரு ஸ்கூல் வேன் என் வண்டியை உரசிக்கொண்டே போகிறது. நின்றுகூடப் பார்க்கவில்லை. நம்பர் தெளிவாக இருந்தது. எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் போட்டால் இன்சூரன்ஸ் நடப்பில் இருப்பது தெரிந்தது.

சி.எஸ்.ஆர். ரசீதையும் வீடியோவையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஒப்பந்த வேன், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள் முதலில். வீடியோவைப் போட்டுக் காட்டியதும் வேன் உரிமையாளரைக் கூப்பிட்டார்கள். டிரைவரும் வந்தார். உரசினது தெரியும், குழந்தைகளுக்கு நேரமாகிவிட்டது, திரும்பி வரலாம் என்று நினைத்தேன், அப்புறம் பயந்துவிட்டேன் என்றார். வயது இருபத்திரண்டுக்கு மேல் இருக்காது. அந்த வேனில் எத்தனை குழந்தைகள் இருந்தார்கள் என்று கேட்டேன். பதினாலு என்றார். எனக்குக் கோபம் வந்ததே அப்போதுதான்.

உரிமையாளர் டிங்கருக்கே நேராக 14,000 கட்டிவிட்டார். கட்டிய ரசீதும், இந்தச் சேதத்துக்காக என்று எழுதிய கடிதமும் வாங்கி வைத்திருக்கிறேன். இன்சூரன்ஸில் கிளைம் எதுவும் போடவில்லை. எதிர்வீட்டுக்காரர், "அதையும் வாங்கிக்கொண்டு கிளைமும் போட்டிருக்கலாமே" என்கிறார். அவரிடம் இனி வண்டியைப் பற்றிப் பேசுவதாக இல்லை.

மகன் ஜீரோ டெப் சேர்க்க முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். ஆறு வயது வண்டிக்குச் சிலர்தான் தருவார்களாமே? பட்டறை தம்பி, தெரிந்தால் சொல்லுங்கள்.

பட்டறை எஸ்டிமேட்:

சிலர் தருவார்கள் அம்மா. நடுவில் ஜீரோ டெப் விட்டுப்போன வண்டி என்பதால் நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பார்கள். அதனால் டிங்கரிங் முடிந்த பிறகு கேளுங்கள். வண்டியை எடுக்கும்போது சாயங்காலம் போகாதீர்கள், நல்ல வெயிலில் கதவையும் பக்கத்துத் தகட்டையும் சேர்த்துப் பாருங்கள். பெயிண்ட் ஷேடு மாறியிருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

நங்கநல்லூர் மாமி:

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் போகிறேன். அந்தக் கேமரா வீட்டுப் பையனையும் கூட்டிப்போகிறேன், அவனுக்குக் கண் நல்ல கூர்மை.