பன்னிரண்டு நாற்காலிகள்: எந்தப் படத்தைப் போடலாம்?

கொழிஞ்சாம்பாறை வாசகன்:

வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையில் மாதம் ஒரு படம் போடுகிறோம். மாடி ஹால், இரவல் புரொஜெக்டர், பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் பாலக்காடு டிவிஷனில் ரிட்டயர் ஆன ரயில்வேக்காரர்கள், பின்னால் டீச்சர்கள், தோப்பு வேலை முடிந்து வருபவர்கள், ஜன்னலோரம் பிள்ளைகள். வீட்டில் பாதிப் பேருக்குத் தமிழ், பாதிப் பேருக்கு மலையாளம். திரைக்கு அடியில் ஓடும் இங்கிலீஷை எட்டிப் பிடித்துப் படிப்பவர்கள் குறைவு.

இந்த முறை ரஷ்ய எழுத்தாளர்கள் இல்ஃப், பெட்ரோவ் இருவரும் சேர்ந்து எழுதி 1928-இல் வந்த 'பன்னிரண்டு நாற்காலிகள்' நாவலின் படம் ஏதாவது ஒன்று. அடம்பிடித்து வாங்கிய அனுமதி! கதை தெரியாதவர்களுக்கு: புரட்சிக்கு முன் பிரபுக்களின் தலைவராக இருந்த வொரொபியானினொவ், 1927-இல் ஒரு சின்ன ஊரில் பதிவு அலுவலக குமாஸ்தா. வீட்டு நாற்காலி ஒன்றுக்குள் வைரங்களை வைத்துத் தைத்ததாக மாமியார் சாகும்போது சொல்கிறாள். நாற்காலிகளை எப்போதோ அரசாங்கம் எடுத்துக்கொண்டுவிட்டது. ஓஸ்தாப் பெந்தர் என்ற எமகாதகன் கூட்டுச் சேர, இருவரும் நாடு முழுக்க அலைகிறார்கள். பாவமன்னிப்பில் அதே ரகசியத்தைக் கேட்ட பாதிரியார் ஃபியோதர் தனியாக ஓடுகிறார்.

இதை வைத்துப் படம் எடுக்காத நாடு எது என்று தேட வேண்டியிருக்கிறது. எதைப் போடலாம்? இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், சித்தூர்க்காரர்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறது.

பொள்ளாச்சி டூரிங் டாக்கீஸ்:

யோசிக்கவே வேண்டாம், மெல் புரூக்ஸ் 1970-இல் எடுத்தது. ஒன்றரை மணி நேரம்தான். ரஷ்யாவை யூகோஸ்லாவியாவில் படம்பிடித்தார்கள், தெரியவே தெரியாது. பெந்தராக ஃபிராங்க் லாஞ்ஜெலா அத்தனை அழகு. பாதிரியாராக டாம் டெலூயிஸ் நாற்காலிக்காக மண்டியிட்டு அழும்போது சப்டைட்டில் எதற்கு? குடிகார வேலைக்காரனாக புரூக்ஸே வந்து அடி வாங்குவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஒலவக்கோட்டுக்காரன்:

தம்பி, முன்வரிசையில் ரயில்வேக்காரர்கள் என்று சொன்னீர்களே, அங்கேயே பதில் இருக்கிறது. நானும் அந்தக் கூட்டத்து ஆள்தான், கூட்ஸ் கார்டாகச் சுற்றி ஒலவக்கோட்டில் ஒதுங்கியவன்.

நாவல் எங்கே முடிகிறது? மாஸ்கோவில் ரயில்வேத் தொழிலாளர்களின் கிளப்பில். கடைசி நாற்காலி அங்கே இருக்கிறது. முந்தின ராத்திரி பங்கு கொடுக்க மனமில்லாமல் தூங்குகிற பெந்தரின் கழுத்தைச் சவரக்கத்தியால் அறுத்துவிட்டு வருகிறான் வொரொபியானினொவ். கிளப் காவல்காரர் ஆசையாகச் சொல்கிறார்: பல்பு மாட்ட அந்த நாற்காலிமேல் ஏறினேன், வழுக்கியது, துணி கிழிந்தது, உள்ளேயிருந்து கொட்டியது. அந்தக் காசில் கட்டியதுதான் இந்தப் புதுக் கட்டடம். அதாவது கிழவன் தேடிய வைரத்துக்கு உள்ளேதான் அப்போது நிற்கிறான். இல்ஃப், பெட்ரோவ் இரண்டு பேரும் 'கூதோக்' என்ற ரயில்வேத் தொழிலாளர் பத்திரிகையில் வேலை பார்த்தவர்கள். புதையலை யாரிடம் கொடுப்பது என்று அவர்களுக்கு ஒரு சந்தேகமும் இருந்திருக்காது.

ஒரு படம் இந்தக் கதையைப் பிடித்ததா விட்டதா என்பதற்கு என் கணக்கு ஒன்றுதான்: அரசாங்கம் எடுத்துக்கொண்டது என்பதை அது என்ன செய்கிறது? 1936-இல் இங்கிலீஷ்காரன் ஏழு நாற்காலியாகக் குறைத்து ஜார்ஜ் ஃபார்ம்பியைப் பாட வைத்தான். 1945-இல் ஹாலிவுட்டுக்கு ஐந்து போதும் என்று ஆகிவிட்டது; ஃபிரெட் ஆலன் தெள்ளுப்பூச்சி சர்க்கஸ் நடத்துகிறவன், ஒரு நாற்காலி நடிகர் ஜாக் பென்னி வீட்டில் கிடக்கிறது. சிரிக்கலாம், தப்பில்லை. 1969-இல் இத்தாலியில் பதின்மூன்று ஆக்கினார்கள். ஷாரன் டேட்டின் கடைசிப் படம் அது, அவர் கொலையுண்ட பிறகுதான் வெளிவந்தது. இந்தக் கடைசி இரண்டிலும் வாரிசுக்கு நாற்காலி வருகிறது, விஷயம் தெரியாமல் அவனே விற்றுவிட்டு அப்புறம் பின்னால் ஓடுகிறான். யாரும் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. நாவலின் முள்ளை எடுத்துவிட்டு மீனைப் பரிமாறியது போல.

ஆகவே என் ஓட்டு கியூபாவுக்கு. தொமாஸ் குத்தியேரெஸ் அலேயா 1962-இல் எடுத்தது, கறுப்பு-வெள்ளை, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். புரட்சி நடந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பறிமுதல், ஏலம், சுவரெல்லாம் கோஷம் எல்லாம் அசல் ஹவானாத் தெருவிலேயே கிடைக்க, செட் எதற்கு? அதைவிட முக்கியம், நாவலில் பெந்தர் வழியில் சேர்ந்தவன். கியூபாவில் அவன் ஆஸ்கர், எஜமானிடம் முன்பு வேலை பார்த்தவன். எஜமான் இன்னும் எஜமானாகவே பேசுகிறார், ஆனால் ஆஸ்கர் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது.

இதை நம்மூரில் விளக்கவே வேண்டாம். இங்கே கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் ஜன்மி முறை, அதாவது நிலப்பிரபு முறை போனது. அதற்கப்புறம் வீடு பிரிந்து, ஊஞ்சல் கட்டிலும் அலமாரியும் வண்டி ஏறி, சில மட்டாஞ்சேரிப் பழம்பொருள் கடைகள் வரை போனதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து ஜன்மி வீட்டுச் சாருகசேரையை, அதாவது சாய்வு நாற்காலியை, அவர்களுடைய பழைய குத்தகைக்காரரே வாங்கினார். வாங்கினாரே தவிர அதில் ஒருநாள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தவிட்டுச் சாக்கை அதன்மேல் வைத்திருந்தார். கேட்டால், "அது எனக்குச் சரிப்படாது" என்பார். அந்த மனுஷன் இன்றைக்கு இருந்தால் உங்கள் முன்வரிசையில் உட்காரவைத்து இந்தப் படத்தைக் காட்டியிருப்பேன்.

திருத்தணி தாண்டி நகரி:

அண்ணே, ரஷ்யக் கதைக்கு ரஷ்யப் படத்தையே ஒதுக்கிவிட்டீர்களே! கைதாய் 1971-இல் எடுத்தது இருக்கிறது, ஸஹாரொவ் 1976-இல் டிவிக்கு நான்கு பகுதியாக எடுத்தது இருக்கிறது. ஸஹாரொவ் படத்தில் பெந்தராக மிரோனொவ் பாடிக்கொண்டே ஏமாற்றுவான். வொரொபியானினொவ் ஆக வரும் பப்பானொவ்தான் 'நூ, பகதீ!' கார்ட்டூன் ஓநாயின் குரல். எங்கள் தெலுங்கு வீட்டு மாமாவுக்கு ஒரு வார்த்தை புரியாமலே நான்கு பகுதியும் ஓடியது, மூன்று ராத்திரி சீட்டாட்டம் நின்றது. நீளம் உங்களுக்கு ஒத்து வராது, சரி. ஆனால் வஸ்யூகி சதுரங்கத்தையாவது விடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசகன்:

நகரி அண்ணா, கைதாய் படத்தில் சதுரங்கப் பகுதியை மட்டும் முதலில் போடலாம் என்று தோன்றுகிறது. வாழ்க்கையில் இரண்டாவது தடவை செஸ் ஆடுகிறவன் கிராண்ட்மாஸ்டர் என்று சொல்லிக் காசு வசூலித்து, ஊர்க்காரர்கள் அத்தனை பேருடனும் ஒரே நேரத்தில் ஆடித் தோற்று ஓடுவான். இங்கே ஆல்மரத்தடியில் செஸ் ஆடும் கூட்டம் ஒன்று இருக்கிறது, அவர்களுக்கு இது போதும்.

கார்டு சார், ஒரு கவலை. புரூக்ஸ் படத்தில் கொலை இல்லை. கிழவன் கடைசி நாற்காலியை உடைத்துவிட்டு வலிப்பு வந்தவன் மாதிரி விழ, பெந்தர் கூட்டத்திடம் பிச்சை கேட்கிறான், கூட்டு தொடர்கிறது. இந்த முடிவு சப்பையா?

ஒலவக்கோட்டுக்காரன்:

சப்பை இல்லை தம்பி, அதில் ஒரு துக்கம் இருக்கிறது. திருடர்களாக ஆரம்பித்தவர்கள் பிச்சைக்காரக் கூட்டாளிகளாக முடிகிறார்கள். புரூக்ஸுக்கு அவர்கள்மேல் பாசம். எழுதியவர்களுக்கே பெந்தரைக் கொல்ல மனம் வரவில்லை, அது தெரியுமா? இருவருக்கும் சண்டை. கடைசியில் சர்க்கரைக் கிண்ணத்தில் இரண்டு சீட்டுப் போட்டார்கள், ஒன்றில் மண்டையோடு. மண்டையோடு வந்தது, ஆள் செத்தான். 1931-இல் அடுத்த நாவலுக்கு அவனே தேவைப்பட, கழுத்தில் தழும்போடு எழுப்பிக் கூட்டிவந்தார்கள். அதன் முன்னுரையில் சீட்டுக் கதையை அவர்களே சொல்கிறார்கள். ஆக முடிவை மாற்றியதற்காக யாரையும் திட்ட மாட்டேன். நாற்காலி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை மறைத்தால்தான் எனக்குக் கோபம்.

கொழிஞ்சாம்பாறை வாசகன்:

அப்படியானால் கியூபா. பொள்ளாச்சி அண்ணா மன்னிக்கணும், புரூக்ஸ் படம் அடுத்த மாதம் பிள்ளைகளுக்காக ஞாயிறு மதியம். படத்துக்கு முன்னால் வாசிக்கத் தமிழில் ஒரு பக்கம், மலையாளத்தில் ஒரு பக்கம் கதைக்குறிப்பு வேண்டும். தமிழை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒலவக்கோட்டுக்காரன்:

மலையாளம் நான் எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிறுக்கல், யாராவது டைப் அடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஹாலில் மேல்வரிசை ஃபேன் சத்தம் போடும் என்று கேள்விப்பட்டேன், அதை முதலில் பாருங்கள்.