திருவிழா மேடையில் சொந்தப் பாட்டைத் தொடங்கினால் கூட்டம் எழுந்து போகிறது, என்ன செய்யலாம்?

வில்லாபுரம்_கிட்டார்:
நாங்கள் நான்கு பேர். நான் கிட்டார், ஒருத்தன் பறை, ஒருத்தன் கஹோன் (உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி), பாடுவது என் சித்தி மகள். மூன்று வருடத்தில் ஒன்பது சொந்தப் பாட்டு சேர்ந்திருக்கிறது, அதில் ஒன்றுகூட காதல் தோல்வி இல்லை, அதுவே எங்களுக்குப் பெருமை. பயிற்சி எங்கள் வீட்டு மொட்டை மாடியில். எதிர்வீட்டுத் தாத்தா ஏழரை மணிச் செய்தி போடும்வரைதான் அதுவும், மீறினால் சத்தம் வரும். ஞாயிறு காலையில் கீழக்குயில்குடி போய் சமணர் மலை அடிவாரத்தில் ஆலமரத்தடியில் உட்கார்ந்துவிடுவோம்.

போன மாசியில் மேலூர் பக்கம் ஒரு ஊர்த் திருவிழா. பிள்ளையார் பாட்டு, அம்மன் பாட்டு, அப்புறம் ஆறு சினிமாப் பாட்டு, எல்லாம் நல்லபடியாகப் போனது. ஒன்பதாவதாக எங்கள் வைகைப் பாட்டை எடுத்தோம். 'அழகர் இறங்கத் தண்ணி விட்டாக, ஆடு மேச்சவன் கரையேறிட்டான்' என்று தொடங்கும். இரண்டாவது வரி முடிவதற்குள் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி இழுபடும் சத்தம், பாதிப் பேர் பஜ்ஜிக் கடைப் பக்கம். கமிட்டிக்காரர் ஒருவர் மேடை ஓரத்தில் வந்து துண்டுச் சீட்டை நீட்டுகிறார், 'அடுத்தது குத்து' என்று எழுதியிருக்கிறது. போதாக்குறைக்கு, பறையை மேடைக்குப் பின்னால் வைக்கோல் கொளுத்திக் காய்ச்சி வைத்திருந்தோம், எங்கள் பாட்டு வருவதற்குள் பனியில் இறங்கித் தொப்பு தொப்பென்று ஆகிவிட்டது. ரெக்கார்டிங்கிலும் இதே தொல்லை. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

பழைய_கீபோர்டு:
தம்பி, இருபத்திரண்டு வருடம் லைட் மியூசிக் குழுவில் வாசித்தவன் சொல்கிறேன். சொந்தப் பாட்டு என்பதற்காக யாரும் எழுந்து போகமாட்டார்கள். ஒன்பதாவது பாட்டு என்றால் மணி எட்டரை இருக்கும், பிள்ளை குட்டிக்குப் பசி வந்திருக்கும். அதோடு நீங்கள் மைக்கில் 'அடுத்து எங்கள் சொந்தப் படைப்பு' என்று சொல்லியிருப்பீர்கள், சொன்னீர்களா இல்லையா? அந்த அறிவிப்பே போதும், நாற்காலி நகர்ந்துவிடும்.

அம்மன் பாட்டு முடிகிற இடத்தில் பறையை நிறுத்தாதீர்கள். அதே நடையில் எட்டு சுற்று ஓடட்டும், கை தட்டுகிறவன் தட்டிக்கொண்டே இருப்பான், அதற்குள் வைகைப் பாட்டுக்குள் போய்விடுங்கள். அழகர் பெயரோடு தொடங்குகிற பாட்டு, அழகர்கோயிலுக்குப் பக்கத்து மக்கள், சாமி பாட்டு என்றே நினைத்துக் கேட்பார்கள். ஆடு மேய்த்தவன் வரும்போது கொஞ்சம் குழம்புவார்கள், அதற்குள் பாதிப் பாட்டு போயிருக்கும். கடைசி அரை மணியிலும் வைக்காதீர்கள், பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தவேண்டும் என்கிற பதற்றத்தில் சீட்டு மேல் சீட்டாக வரும். இன்னொன்று, 'ரெண்டு பாட்டு எங்களுது' என்பதை அட்வான்ஸ் வாங்கும்போதே பேசிவிடுங்கள், மேடையில் நின்று பேரம் பேசமுடியாது.

ஒத்தக்கடைக்காரன்:
இப்படி ஒளித்து ஒளித்துப் பாடத்தான் சொந்தப் பாட்டு எழுதினீர்களா? திருவிழாவை விட்டுத்தள்ளுங்கள் சகோ. தமுக்கத்தில் புத்தகக் கண்காட்சி, கல்லூரி விழா என்று கேட்டுப் பாருங்கள். முப்பது பேர் இருந்தாலும் உட்கார்ந்து கேட்பான்.

பழைய_கீபோர்டு:
கேட்பான், சரி. கஹோனை வேனில் ஏற்றிக்கொண்டு போன வாடகையை அந்த முப்பது பேரில் யார் தருவார்?

சவுண்டு_சர்வீஸ்:
மச்சைத் துளைக்கும் மாசிப் பனி, பறைத் தோலை விடுமா? மேடையில் நெருப்பு வைக்க விடமாட்டார்கள், அதனால் இரண்டு பறை கொண்டுபோங்கள். ஒன்று அடிக்கும்போது இன்னொன்று கீழே காயட்டும். போல்ட் வைத்து முறுக்குகிற ஃபைபர் தோல் பறையும் கிடைக்கிறது, பனிக்கு அசையாது, ஆனால் தகரம் மாதிரி கிண்ணென்று ஒலிக்கும், எனக்குப் பிடிக்காது. ரெக்கார்டிங்கில் பறையைக் கடைசியில் வைக்காமல் முதலில் எடுங்கள். காதில் தாளக் கணக்குக்கு கிளிக் சத்தம் ஓடவிட்டு இரண்டு இரண்டு நிமிடமாக எடுத்து, ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் காய்ச்சுங்கள். கிட்டார் அப்புறம் அதன்மேல் ஏறட்டும். மைக்கைத் தோலை ஒட்டி வைத்தால் சிண்டுக் குச்சியின் (நீளமான மெல்லிய குச்சி) அடி மட்டும்தான் விழும், இரண்டு முழம் தள்ளி வையுங்கள்.

மேலமாசி_வீதி:
கேட்காத ஒன்று சொல்கிறேன். ஒன்பது பாட்டுக்கும் வரி யார், மெட்டு யார் என்று நான்கு பேரும் இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை எழுதியவருக்குத்தான், ஆனால் நாளைக்கு ஒருத்தன் பிரிந்துபோனால் யார் எழுதியது என்பதில்தான் சண்டை வரும். எங்கள் குழு அப்படித்தான் உடைந்தது. ஸ்பாட்டிஃபையில் போட்டுக் காசு வரும் என்று நம்பி இருக்காதீர்கள், 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 முறையாவது ஓடியிருந்தால்தான் கணக்கிலேயே எடுக்கிறார்கள்.

வில்லாபுரம்_கிட்டார்:
எல்லோருக்கும் நன்றி. கீபோர்டு அண்ணே, மைக்கில் சொன்னது உண்மைதான், நானேதான் சொன்னேன். ஒரு சிக்கல்: அம்மன் பாட்டை ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுகிறாள், வைகைப் பாட்டு நாலரை. நிறுத்தாமல் எப்படிப் போவது?

பழைய_கீபோர்டு:
கிட்டார் கழுத்தில் மாட்டுகிற கேப்போ கிளிப்பை இரண்டு கட்டம் மேலே போட்டால் வைகைப் பாட்டும் ஐந்தரைக்கு வந்துவிடும், உங்களுக்கு விரல் மாறாது. தொண்டை தாங்குமா என்று பாப்பாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வில்லாபுரம்_கிட்டார்:
கேட்டேன் அண்ணே. அம்மன் பாட்டை நாலரைக்கு இறக்கச் சொல்கிறாள்.