செயின்ட் கில்டா 2026: காசை இறைத்தாயிற்று, இனி?

லிண்டன்_தெரு:
ஏஎஃப்எல்லில் (ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்) நம் செயின்ட் கில்டாவின் முதல் ஆட்டம் மார்ச் 8 ஞாயிறு, மெல்பர்னின் எம்சிஜி மைதானத்தில், எதிரே காலிங்வுட். மறுநாள் தொழிலாளர் தின விடுமுறை என்பதால் காலையில் வேலை என்று சொல்லி யாரும் நழுவ முடியாது. அதற்கு முன்னால் கேட்டு வைக்கிறேன்: இந்த வருடம் செயின்ட்ஸ் எந்த இடத்தில் முடிப்பார்கள்?

நான் ஏழாம் இடம் என்கிறேன். ஃபைனல்ஸில் (செப்டம்பரில் நடக்கும் கோப்பைச் சுற்றுகள்) ஒரு வெற்றியும் உண்டு. கார்ல்டனிலிருந்து டாம் டி கோனிங்கும் ஜாக் சில்வாக்னியும் வந்திருக்கிறார்கள். கோல்ட் கோஸ்டிலிருந்து சாம் ஃபிளாண்டர்ஸ், வெஸ்ட் கோஸ்டிலிருந்து லியம் ரயன். பெரிய ஆள் ஒருவர் வரப்போகிறார் என்று மாதக்கணக்கில் பேச்சு அடிபடும், கடைசியில் அவர் வேறு கிளப்பில் கையெழுத்துப் போடுவார். இதுதான் நமக்குப் பழக்கம். ஒரே அக்டோபரில் (வீரர்கள் கிளப் மாறும் மாதம்) நாலு பேர் வந்து சேர்ந்ததை நான் பார்த்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக நம் நட்சத்திரம் நசாயா வாங்கனீன்-மிலேரா போகவில்லை, நம்மிடமே இருக்கிறார்.

கணக்குப்பிள்ளை:
நம்பிக்கை இருக்கட்டும் தம்பி. 2023இல் 13 வெற்றி, ஆறாம் இடம், எலிமினேஷன் ஃபைனலில் ஜிடபிள்யூஎஸ்ஸிடம் 24 புள்ளியில் தோல்வி. 2024இல் 11 வெற்றி, பன்னிரண்டாம் இடம். 2025இல் 9 வெற்றி, மறுபடியும் பன்னிரண்டு. கோச் ராஸ் லயன் திரும்பி வந்த பிறகு நமக்குக் கிடைத்த எண்கள் 13, 11, 9. இதில் ஏறுமுகம் எங்கே இருக்கிறது?

போன வருடம் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 14 ஆட்டம் வென்றும் ஃபைனல்ஸ் ஆடுகிற முதல் எட்டுக்குள் வரவில்லை. நாம் இன்னும் அஞ்சு ஆட்டம் வென்றிருந்தாலும் வீட்டில் உட்கார்ந்துதான் செப்டம்பரைப் பார்த்திருப்போம். இத்தனைக்கும் கேப்டனாக இருந்த ஜாக் ஸ்டீல் மெல்பர்னுக்குப் போய்விட்டார். வந்தவர்களை மட்டும் எண்ணினால் போதுமா, போனவர்களையும் கழிக்க வேண்டாமா?

டாண்டினாங்_பெடியன்:
அண்ணை, நீங்கள் பழைய விதியை வைத்துக் கதைக்கிறீர்கள். இந்த வருடத்திலிருந்து வைல்ட்கார்டு சுற்று இருக்கிறது. ஏழாவது அணி பத்தாவதோடு ஆடும், எட்டாவது ஒன்பதாவதோடு ஆடும், வெல்கிற இரண்டும் உள்ளே. எட்டுக்குள் வரத் தேவையில்லை, பத்துக்குள் வந்தால் காணும்.

மேக்பை_மாமி:
பதினெட்டு அணியில் பத்தாவது வந்துவிட்டு ஃபைனல்ஸ் ஆடினோம் என்று ஸ்கார்ஃப் சுற்றிக்கொண்டு திரிவீர்களா? பாவம்தான். சரி, நடத்துங்கள்.

கணக்குப்பிள்ளை:
மாமி சொல்வதில் எனக்கு உடன்பாடு, காலிங்வுட்காரரோடு உடன்படுவது கசந்தாலும். தம்பி, உன் பத்தாம் இடக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். போன வருடம் பத்தாவது வந்த சிட்னிக்கு 12 வெற்றி, நமக்கு 9. மூன்று ஆட்டம் கூட வென்றால் எட்டிவிடலாம் என்று வை. ஆனால் டி கோனிங்குக்கு எட்டு வருட ஒப்பந்தம், ஆண்டுக்குச் சுமார் 17 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. வாங்கனீன்-மிலேராவுக்கு 20 லட்சம் அளவில் என்றார்கள். இவ்வளவையும் கொட்டிவிட்டுப் பத்தாம் இடத்துக்கு ஆசைப்படுவதா?

உயரத்_தாவு:
விலையையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், ரக் (நடுவர் எழுப்பும் பந்துக்கு இரு அணியின் உயரமான வீரர்களும் தாவும் போட்டி) விதி மாறியதை ஒருவரும் தொடவில்லையே. இந்த வருடம் நடுவட்டத்தில் நடுவர் பந்தைத் தரையில் அடித்து எழுப்ப மாட்டார், கையால் மேலே எறிவார். அதோடு ரக்மேன்கள் நடுக்கோட்டைத் தாண்டிப் போய் முன்கூட்டியே எதிராளியோடு முட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. அவரவர் பக்கத்திலிருந்து ஓடி வந்து தாவித்தான் பந்தைத் தட்ட வேண்டும்.

இதுவரை அங்கே நடந்தது மல்யுத்தம். இடுப்பைக் கொடுத்து, தோளைக் கொடுத்து, எதிராளியைப் பந்து விழும் இடத்திலிருந்து தள்ளி வைக்கிறவருக்குத்தான் ஆதாயம். இனி கால் எழும்புகிறவருக்கு ஆதாயம். போட்டியில் இருக்கிற ரக்மேன்களில் டி கோனிங் அளவுக்கு எழும்பக்கூடியவர்கள் குறைவு. இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், ஓட்டமும் உண்டு, தட்டிவிட்டுத் தானே பின்னால் ஓடிப் பந்தை எடுக்கவும் தெரியும். அக்டோபரில் விலை அதிகம் என்று முகம் சுளித்தவர்கள் ஜூன் மாதம் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

மாற்று வீரர் முறையும் போய்விட்டது, பெஞ்சில் இனி அஞ்சு பேர். ஆகவே ஏற்கெனவே நம்மிடம் இருக்கிற ரக்மேன் ரோவன் மார்ஷலையும் டி கோனிங்கையும் ஒன்றாக இறக்குவதில் முன்பு போல் கஷ்டம் இல்லை. ஒருவர் நடுவில் நிற்கும்போது மற்றவர் முன்வரிசையில் நிற்கலாம்.

கணக்குப்பிள்ளை:
விதியைப் படித்தீர்கள் சரி, முழுதாகப் படித்தீர்களா? இரண்டு கோல்களிலிருந்தும் 50 மீட்டரில் வரைந்த வளைவுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் பந்து கோட்டுக்கு வெளியே போனால், கடைசியாக உதைத்த அல்லது கையால் தட்டிய அணிக்கு எதிராக ஃப்ரீ கிக். முன்பு அந்த இடங்களில் எல்லைக்கோட்டு நடுவர் உள்ளே வீசுவார், ரக்மேன்கள் மோதுவார்கள். இனி அதில் பெரும்பகுதி கிடையாது. ரக் போட்டிகளே குறையப்போகிற வருடத்தில் ரக்மேனுக்குத்தான் பெரிய காசு கொடுத்திருக்கிறோம்.

உயரத்_தாவு:
குறைவது எல்லைக்கோட்டில். கோல் விழும்போதெல்லாம் நடுவட்டத்துக்குத்தானே வர வேண்டும்? அங்கிருந்து நேராக முன்னால் போகிற பந்துதான் பொன். பின்காவலர்கள் ஆறு பேர், முன்வரிசை ஆறு பேர், நடுவில் ஆறு பேர், நெரிசலே இல்லாத நேரம் அது ஒன்றுதான்.

டாண்டினாங்_பெடியன்:
அந்த 6-6-6 விதி நமக்கு என்ன செய்தது என்று மறந்துவிட்டீர்களா? போன ஜூலை 27, மார்வெல் ஸ்டேடியம், மெல்பர்னோடு. கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது 46 புள்ளி பின்னால். ஆட்கள் எழும்பிப் போகத் தொடங்கியிருந்தார்கள். கடைசியில் நசாயா ஒரு கோல் போட்டு எண்ணிக்கை சமன். எட்டு விநாடிதான் மிச்சம். எல்லோரும் சமநிலை என்று நினைத்துக்கொண்டு நிற்கிறார்கள், மெல்பர்ன் அணி நடுவட்டத்துக்கு ஆட்களைச் சரியாக நிறுத்தவில்லை. 6-6-6 மீறல், மார்ஷலுக்கு ஃப்ரீ கிக். அவர் முன்னால் உதைக்கிறார், 50க்குள் நசாயா தனியாக ஓடிப் பிடிக்கிறார், சைரன் அடிக்கிறது. பிறகு அவர் நிதானமாக நடந்து வந்து உதைத்து கோல்.

கடைசிக் கால்பகுதியில் இவ்வளவு பெரிய பின்தங்கலை வேறு எந்த அணியும் இந்த லீக்கின் வரலாற்றில் மீட்டதில்லை அண்ணை. 22 வயதில் அதைச் செய்த ஒருவர் உங்களிடம் இருக்கிறார், நீங்கள் 13, 11, 9 என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

மேக்பை_மாமி:
எதிராளி தன் ஆட்களை எண்ணத் தெரியாமல் நின்றதால் வந்த வெற்றி. இதற்கு ஒரு வருடம் முழுக்கக் கொண்டாட்டமா?

கணக்குப்பிள்ளை:
அந்த ஆட்டத்தை நானும் பார்த்தேன், நானும் கத்தினேன். ஆனால் அதற்கு முன்னால் மூன்று கால்பகுதி நடந்ததே, அதைப் பற்றி யாராவது பேசுகிறீர்களா? அன்றைக்குத் தோற்ற மெல்பர்ன் ஒன்றும் பெரிய அணி இல்லை, கொஞ்ச நாளில் தங்கள் கோச்சையே அனுப்பிவிட்டார்கள். அவர்களிடம் 46 புள்ளி பின்தங்கியதுதான் நம் வருடத்தின் உண்மையான படம்.

இன்னொன்று. நசாயா கையெழுத்துப் போட்டது இரண்டு வருடத்துக்குத்தான், 2027 வரை. அதாவது கிளப்புக்குக் கெடு வைத்திருக்கிறார்: அதற்குள் என்னை ஃபைனல்ஸுக்குக் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அடிலெய்டு பக்கம் போகும் வழி எனக்குத் தெரியும். டி கோனிங்குக்கு எட்டு வருடம், அவருக்கு இரண்டு. இந்த இடைவெளி என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

லிண்டன்_தெரு:
அண்ணா, கெடு வைத்தார் என்றால் அந்தக் கெடுவுக்குத்தானே கிளப் காசைக் கொட்டியது? வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள்? டிராஃப்டில் இளைஞர்களை எடுத்து ஆறு வருடம் காத்திருப்பதா? அதையும்தான் செய்து பார்த்தோம். ஜாஷ் பாட்டிலை வளர்த்து ஹாதார்னுக்கு அனுப்பினோம்.

பிரிஸ்பேனைப் பாருங்கள், இரண்டு வருடம் தொடர்ந்து கோப்பை. வில் ஆஷ்கிராஃப்டும் தம்பி லீவாயும் அப்பா அங்கே ஆடினார் என்பதால் வந்தவர்கள். அந்த வில்தான் 2024, 2025 இரண்டு கிராண்ட் ஃபைனலிலும் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் வாங்கினார். காலிங்வுட்டில் டைகோஸ் சகோதரர்கள், அதே வழி. நமக்கு அப்படி யார் வந்தார்கள்? நம் தலைவர் ஆண்ட்ரூ பாசட் இதைப் பொது மேடையில் சொன்னபோது எல்லோரும் அழுமூஞ்சி என்றார்கள். அழுது பயனில்லை என்று தெரிந்ததும் சந்தையில் இறங்கினார்கள். ஒப்பந்தம் முடிந்த வீரர்களை இழுக்கும் ஃப்ரீ ஏஜென்சி ஒன்றுதான் நமக்குத் திறந்திருந்த கதவு.

மேக்பை_மாமி:
டைகோஸ் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தது எங்கள் குற்றமா? நீங்கள் 1966இல் ஒரே ஒரு கோப்பை, அதுவும் எங்களை ஒரே புள்ளியில் வென்று, பேரி பிரீன் கோணலாக உதைத்த ஒரு பிஹைண்டில். பிள்ளைகளை வளர்க்க உங்களுக்கும் அறுபது வருடம் இருந்தது.

டாண்டினாங்_பெடியன்:
மாமி, வெஸ்ட் கோஸ்டிடம் நீங்கள் தோற்ற 2018 கிராண்ட் ஃபைனல் ஞாபகம் இருக்கிறதா? கடைசி நிமிடங்களில் டொம் ஷீட் எல்லைக்கோட்டை ஒட்டி உதைத்த கோல். அந்தப் பந்தை ஷீடுக்கு அனுப்பியது யார்? லியம் ரயன். மார்ச் 8 அன்று நம் சட்டையில் வருகிறார், வாசலில் நின்று வரவேற்கவும்.

மேக்பை_மாமி:
அவருக்கு இப்போது 29. எங்களிடம் 2010 மறு ஆட்டத்தில் உங்களை 56 புள்ளியில் நசுக்கியபோது நார்ம் ஸ்மித் வாங்கிய பென்டில்பரி இன்னும் ஆடுகிறார், வயது 38. வயதைப் பற்றி எங்களிடமே பேச வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
2010ஐ இழுக்காமல் விடமாட்டீர்கள். முதல் ஆட்டம் 68க்கு 68, நம் மில்ன் துரத்திய பந்து கடைசியில் வேறு பக்கம் திரும்பிக் குதித்தது. இப்போது என்றால் அன்றைக்கே கூடுதல் நேரம் ஆடி முடித்திருப்பார்கள்.

அதைவிட என்னை வதைப்பது 2009. அந்த வருடம் 22இல் 20 ஆட்டம் வென்றோம். கிராண்ட் ஃபைனலில் ஜீலாங் 12.8, நாம் 9.14.

புதுக்_குடியேறி:
நடுவே வருவதற்கு மன்னிக்கவும். இதை இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். 9.14 என்றால் என்ன?

கணக்குப்பிள்ளை:
9 கோல், 14 பிஹைண்ட். கோலுக்கு 6, நடுக்கம்பங்களுக்கு வெளியே பக்கத்து இடைவெளியில் போனால் 1. மொத்தம் 68. ஜீலாங் 80. அவர்களுக்கு 20 வாய்ப்பு, நமக்கு 23. அதிகம் வாய்ப்பு கிடைத்தும் 12 புள்ளியில் தோற்றோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த அக்டோபரில் ரக், நடுக்களம், பின்காவல், சிறிய முன்வரிசை எல்லாவற்றுக்கும் ஆள் பிடித்தார்கள். கம்பத்துக்கு நேரே உதைக்கிற உயரமான முன்வரிசைக்காரர் எங்கே? மேக்ஸ் கிங் என்பீர்கள். 2022இல் 52 கோல் போட்டவர்தான். போன வருடம் முழங்கால் காரணமாக ஒரு ஆட்டம்கூட இல்லை. அவர் நிற்கவில்லை என்றால் டி கோனிங் தட்டி, ஃபிளாண்டர்ஸ் எடுத்து, நசாயா உதைத்து, பந்து யார் கையில் போய் விழும்?

லிண்டன்_தெரு:
இது நியாயமான கேள்வி, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மிட்ச் ஓவன்ஸ், கூப்பர் ஷார்மன், ரக்கில் ஓய்வு எடுக்கும்போது மார்ஷல் என்று பங்கு போடலாம். கிங் பாதி வருடம் ஆடினாலும் கதை வேறு. பின்னால் கவலை இல்லை: வில்க்கி இருக்கிறார், சில்வாக்னி போன வருடம் பின்காவலில் நன்றாகவே ஆடினார், ஆலிக்ஸ் டாரு கூட்டத்தின் மேலே ஏறிப் பிடிக்கிறதைப் பார்த்தால் யாருக்கும் உற்சாகம் வரும்.

உயரத்_தாவு:
மார்ஷல் முன்வரிசையில் முழு வருடம் பொறுத்துக்கொண்டு நிற்பாரா என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே சந்தேகம். டி கோனிங் வருகிறார் என்றதுமே ஜீலாங் பக்கம் பேச்சு அடிபட்டது, கிளப் விடவில்லை. மெல்பர்ன் ஆட்டத்தில் அந்தக் கடைசி உதை அவருடையது, அதை எல்லோரும் மறந்துவிட்டு நசாயாவை மட்டும் பேசுகிறோம்.

டாண்டினாங்_பெடியன்:
ஆளுக்கொரு எண் போடுங்கள், செப்டம்பரில் தோண்டி எடுப்போம். நான்: 14 வெற்றி, ஆறாம் இடம்.

லிண்டன்_தெரு:
13, ஏழாம் இடம். வைல்ட்கார்டில் வென்று அடுத்த சுற்றில் தோல்வி.

உயரத்_தாவு:
12. ஒன்பது அல்லது பத்து.

மேக்பை_மாமி:
மார்ச் 8 அன்று 40 புள்ளித் தோல்வி. மிச்சம் உங்கள் பாடு.

கணக்குப்பிள்ளை:
கிங் 15 ஆட்டத்துக்கு மேல் ஆடினால் 12 வெற்றி. ஆடாவிட்டால் 10, பதினொன்றாம் இடம், அப்புறம் அடுத்த அக்டோபர் முழுக்க நசாயாவைப் பற்றிய வதந்தி படித்துக்கொண்டிருப்போம். ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் காலிங்வுட் பக்கத்தில் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள், விற்கிற தளத்தில் வரைபடத்தைப் பார்த்து எடுங்கள்.