இரண்டு கைப்பேசிகளுக்கிடையே எண்களை மட்டும் மாற்றிக்கொள்ள முடியுமா? கணக்குகள் அப்படியே இருக்க வேண்டும்

தேன்பெட்டி (மார்த்தாண்டம்):

அனைவருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தில் சிறிய அளவில் தேன் வியாபாரம் செய்து வருகிறேன். என்னிடம் இரண்டு ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் உள்ளன. பழையது கடை மேசையில் இருக்கிறது. அதில் இருப்பது 15 ஆண்டுகளாக நான் வைத்திருக்கும் எண். இதை முதல் எண் என்று வைத்துக்கொள்வோம். வங்கி, ஆதார், எரிவாயு, ரேஷன் அட்டை என எல்லாவற்றிலும் பதிவாகியிருப்பது இந்த எண்தான். புதிய கைப்பேசி என் சட்டைப்பையில் இருக்கிறது; அதில் இருப்பது பின்னாளில் வாங்கிய இரண்டாம் எண்.

ரப்பர் மரங்கள் தளிர்விடும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில் நான் பெரும்பாலும் தேன்பெட்டிகளோடு தோட்டங்களில்தான் இருப்பேன். அப்போது வங்கியிலிருந்து ஓடிபி வந்தால், கடையில் இருக்கும் பையனை அழைத்து வாசிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் நம்பிக்கையானவன்தான், இருந்தாலும் வாடிக்கையாளர்கள் நிற்கும் இடத்தில் ஓடிபியைச் சத்தமாக வாசிக்கச் சொல்வது எனக்கே சரியாகப் படவில்லை.

ஆகவே முதல் எண் என் கைப்பேசிக்கும், இரண்டாம் எண் கடைக் கைப்பேசிக்கும் மாற வேண்டும். ஆனால் கடைக் கைப்பேசியில் உள்ள கடையின் கூகுள் கணக்கும், வாடிக்கையாளர் தொடர்புகளும், வாட்ஸ்அப் பிசினஸ் உரையாடல்களும் அங்கேயே இருக்க வேண்டும். என் கைப்பேசியில் உள்ள என் கூகுள் கணக்கும், குடும்பக் குழுக்களும் என்னிடமே இருக்க வேண்டும். முதல் எண் அச்சிட்ட லேபிள்கள் தீரும் தறுவாயில் இருப்பதால், புதிய லேபிளில் இரண்டாம் எண்ணை அச்சிடவும் எண்ணியிருக்கிறேன். சிம்களை இடம் மாற்றிப் போட்டாலே போதுமா?

பறவைக்கூடு (குலசேகரம்):

இரண்டையும் ரீசெட் செய்துவிட்டு, வேண்டிய சிம்மைப் போட்டுப் புதிதாகத் தொடங்கிவிடுங்கள். அரை மணி நேர வேலை.

பழுதுக்கடை (வடசேரி):

தயவுசெய்து ரீசெட் செய்ய வேண்டாம். நண்பர் காப்பாற்ற நினைப்பது எதுவோ அதையே அது அழித்துவிடும்.

சிம்மோடு நகர்வது மிகக் குறைவு: அழைப்புகள், குறுஞ்செய்திகள், அந்த எண்ணின் ரீசார்ஜ் திட்டம் ஆகியவை மட்டுமே. ஏற்கெனவே வந்த குறுஞ்செய்திகளும் அழைப்புப் பட்டியலும் கைப்பேசியின் நினைவகத்தில் இருப்பவை, அவை நகராது. கூகுள் கணக்குக்கும் சிம்முக்கும் நேரடித் தொடர்பு இல்லை. சிம்மைக் கழற்றினாலும் ஜிமெயில், படங்கள், பிளே ஸ்டோர் எல்லாம் அதே கணக்கில் அப்படியே இருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய கைப்பேசிகளில் பலர் தொடர்புகளைச் சிம்மிலேயே சேமித்திருப்பார்கள். அப்படி இருந்தால் சிம்மைக் கழற்றும்போது அந்தப் பெயர்களும் அதனோடு போய்விடும். கழற்றுவதற்கு முன் தொடர்புகள் செயலியில் உள்ள இறக்குமதி வசதியைப் பயன்படுத்தி, அவற்றைக் கடையின் கூகுள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். என் கடைக்கு இந்தச் சிக்கலோடு வருபவர்கள் அதிகம். பெயர்கள் அழிந்துவிட்டன என்று பதறுவார்கள், அவை அடுத்த கைப்பேசியில் பத்திரமாக இருக்கும்.

இன்னொன்று, உங்கள் ஊருக்கே உரியது. களியக்காவிளைப் பக்கம் போனால் கைப்பேசி கேரளக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வது உண்டு. இடம் மாறிய சிம்முக்கு ரோமிங் டேட்டா அணைந்திருந்தால், அழைப்பு வரும், இணையம் வராது. இரு கைப்பேசிகளிலும் அந்த அமைப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சிம்மை உங்கள் கையாலேயே மாற்றிப் போடுங்கள். நிறுவனத்தின் கடைக்குச் சென்று புதிய சிம் வாங்கினால், முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வசதி நிறுத்தி வைக்கப்படும். உங்களுக்கு அந்த நேரத்தில்தான் குறுஞ்செய்தி மிகவும் தேவைப்படும்.

ஆற்றோரம் (குழித்துறை):

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனால் வாட்ஸ்அப், சிம்மோடும் போகாது, கூகுள் கணக்கோடும் போகாது. அது எண்ணின் பெயரில் பதிவான தனிக் கணக்கு. நீங்கள் சிம்களை மட்டும் மாற்றினால், கடைக் கைப்பேசியின் வாட்ஸ்அப் பிசினஸ் முதல் எண்ணிலும், உங்கள் வாட்ஸ்அப் இரண்டாம் எண்ணிலும் தொடரும். அப்படியே விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் பதிவு செய்த சிம் அதே கைப்பேசியில் இருந்தால்தான் இத்தகைய செயலிகள் இயங்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே எண்ணையும் கணக்கையும் வெவ்வேறு கைப்பேசிகளில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லேபிளில் எண் மாறப் போகிறது என்கிறீர்கள். எனவே வாட்ஸ்அப் எண்களையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

அமைப்புகளில் கணக்கு என்ற பகுதிக்குள் எண்ணை மாற்றும் வசதி இருக்கிறது. வாட்ஸ்அப் பிசினஸிலும் அது உண்டு. அதைப் பயன்படுத்தினால் உரையாடல்களும் குழுக்களும் அதே கைப்பேசியில் அப்படியே இருக்க, கணக்கின் எண் மட்டும் மாறும். சிக்கல் என்னவென்றால், ஒரே எண்ணில் ஒரே நேரத்தில் இரண்டு கணக்குகள் இருக்க முடியாது. இரண்டு குவளைகளில் உள்ள பாலையும் மோரையும் இடம் மாற்ற மூன்றாவது குவளை வேண்டும் அல்லவா? இதற்கும் வாட்ஸ்அப் இல்லாத மூன்றாவது எண் ஒன்று வேண்டும். வீட்டில் யாரிடமாவது பட்டன் கைப்பேசி இருந்தால் போதும். சரிபார்ப்புக் குறியீட்டை அதில் பார்த்து இங்கே தட்டச்சு செய்துகொள்ளலாம்.

எந்தக் கணக்கை அந்த மூன்றாவது எண்ணுக்குத் தற்காலிகமாக அனுப்புகிறீர்கள் என்பது முக்கியம். கடைக் கணக்கை அனுப்பாதீர்கள். உங்கள் குடும்பக் கணக்கை அனுப்புங்கள். முதலில் உங்கள் கணக்கை இரண்டாம் எண்ணிலிருந்து மூன்றாம் எண்ணுக்கு மாற்றுங்கள். இப்போது இரண்டாம் எண் காலியாகிவிடும். அடுத்துக் கடைக் கணக்கை முதல் எண்ணிலிருந்து இரண்டாம் எண்ணுக்கு மாற்றி, உரையாடல் உள்ள தொடர்புகளுக்கு அறிவிக்கும்படி தேர்ந்தெடுங்கள். கடைசியாக, உங்கள் கணக்கை மூன்றாம் எண்ணிலிருந்து முதல் எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இப்படிச் செய்தால் வாடிக்கையாளர்கள் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் காண்பார்கள். குடும்பக் குழுக்களில் எண் மாறியது என்ற செய்தி இரண்டு முறை தோன்றும். சித்தப்பா ஒருவர் அழைத்து விசாரிப்பார், அவ்வளவுதான்.

தொடங்குவதற்கு முன் இரண்டு கணக்குகளையும் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்த பின் புதிய எண்ணில் மீண்டும் ஒருமுறை எடுங்கள். இருபடிச் சரிபார்ப்புக்கு வைத்த 6 இலக்க எண் நினைவில் இருக்கிறதா என்பதை முதலிலேயே உறுதி செய்யுங்கள். அவசரப்பட்டு மீண்டும் மீண்டும் குறியீடு கேட்டால், வாட்ஸ்அப் காத்திருக்கச் சொல்லிவிடும். பேச்சிப்பாறைப் பக்கத் தோட்டங்களில் உட்கார்ந்துகொண்டு இதைத் தொடங்காதீர்கள். சமிக்ஞை நன்றாக உள்ள இடத்தில் செய்யுங்கள்.

ஓய்வூதியர் (தக்கலை):

வங்கிப் பணியில் இருந்தவன் என்ற முறையில் சில சொற்கள். கடைக்கு வெளியே எல்லோருக்கும் தெரிந்த எண்ணும் வங்கியில் பதிவான எண்ணும் ஒன்றாக இருப்பதே முதல் தவறு. இதற்கு வேறொரு வழியும் உண்டு: கைப்பேசிகளைத் தொடாமல், வங்கியிலும் ஆதாரிலும் இரண்டாம் எண்ணைப் பதிவு செய்வது. இரு எண்களும் ஏற்கெனவே பரவலாகத் தெரிந்தவை என்றால் நான் அதையே சொல்வேன். ஆனால் லேபிள் மாறப் போவதால் உங்கள் திட்டமும் சரியே.

யுபிஐ செயலிகளைப் பொறுத்தவரை, அவை சிம்மையும் கைப்பேசியையும் சேர்த்தே பிணைத்து வைப்பவை. கடைக் கைப்பேசியிலிருந்து முதல் எண்ணின் சிம்மை எடுத்தவுடன் அங்குள்ள செயலி வேலை செய்யாது. உங்கள் கைப்பேசியில் அதைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அப்போது செயலி தானாகவே ஒரு குறுஞ்செய்தியை அனுப்பி எண்ணைச் சரிபார்க்கும். அந்தச் செய்தி முதல் எண்ணிலிருந்தே போக வேண்டும் என்பதால், இரட்டைச் சிம் கைப்பேசியில் சரியான சிம்மைத் தேர்ந்தெடுங்கள். திட்டத்தில் குறுஞ்செய்தி வசதி உள்ளதா என்றும் பாருங்கள். பழைய யுபிஐ பின் எண் அந்த வங்கிக் கணக்குக்கு உரியது என்பதால் மாற்ற வேண்டியதில்லை. புதிய கைப்பேசியில் பதிவு செய்தபின் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வரம்பு வைக்கும் வங்கிகள் உண்டு. குப்பி வாங்கியதற்குப் பெரிய தொகை கொடுக்க வேண்டிய நாளில் இதைச் செய்யாதீர்கள்.

கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையில் உங்கள் யுபிஐ முகவரி இருக்கிறது. செயலியில் அந்த முகவரியை நீக்காதவரை பணம் வழக்கம்போலவே உங்கள் கணக்குக்கு வரும். ஆனால் வரவு பற்றிய குறுஞ்செய்தி இனிமேல் உங்கள் சட்டைப்பைக்கு வரும், கடைக்கு வராது. கடையில் இருக்கும் பையன், வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். போலியாகச் செய்த ஸ்கிரீன்ஷாட்டுகளைக் காட்டிப் பொருளை வாங்கிச் செல்பவர்கள் உண்டு. பணம் வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்லும் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கடையின் கூகுள் கணக்கில் மீட்பு எண் எது என்று பாருங்கள். அங்கே முதல் எண்ணே இருந்தால் அதை விட்டுவிடுவது நல்லது. கணக்கைத் திறக்கும் அதிகாரம் உங்கள் கையிலேயே இருக்கும்.

தேன்பெட்டி (மார்த்தாண்டம்):

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிய பின் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்து முடித்தேன். வங்கியில் எண்ணை மாற்றும் யோசனையையும் சிந்தித்தேன். ஆனால் ஆதார், எரிவாயு, ரேஷன், காப்பீடு என்று பட்டியல் நீண்டுகொண்டே போனதால் சிம் வழியையே தேர்ந்தெடுத்தேன்.

அம்மாவின் பட்டன் கைப்பேசி மூன்றாவது குவளையாக உதவியது. வாட்ஸ்அப் மாற்றம் குழித்துறை நண்பர் சொன்ன வரிசையிலேயே சிக்கலின்றி முடிந்தது. அழைத்து விசாரித்தவர் சித்தப்பா அல்ல, மாமா. கடைச் சிம்மில் எழுபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. வடசேரி அண்ணாச்சி சொல்லாவிட்டால் அவற்றைப் பற்றி எனக்குத் தோன்றியே இருக்காது.

யுபிஐ பதிவு மட்டும் இரண்டு முறை தோற்றது. என் கைப்பேசியில் சிம்மை மாற்றிய பிறகும் இரண்டாவது சிம் இடத்தில் இணையத்துக்காக வைத்திருந்த பழைய டேட்டா சிம்மின் வழியாகவே குறுஞ்செய்தி போய்க்கொண்டிருந்தது. அதை வெளியே எடுத்துவிட்டு முயன்றதும் உடனே பதிவாகிவிட்டது.

ஒரே ஒரு சிறு தொல்லை. பழைய லேபிளைப் பார்த்து முதல் எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்புபவர்கள் இப்போது என் தனிக் கணக்கில் வந்து தேன் விலை கேட்கிறார்கள். கடை எண்ணைச் சொல்லும் ஒரு வரியை நகலெடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் அனுப்பி வருகிறேன். லேபிள்கள் இன்னும் இரண்டு பெட்டி மீதம் இருக்கின்றன.