டெக்ஸாவை எப்போது ஆரம்பித்தீர்கள்? கோவிட் மூன்றாம் அலை அனுபவங்கள்

தாமுவே வாசி:
2021 ஜூலையில் ரங்கூனில் இருந்தவர்களுக்கு அந்த மாதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் மஞ்சள் துணி கட்டினால் மருந்து வேண்டும், வெள்ளை என்றால் சாப்பாடு. எங்கள் வீட்டு மஞ்சள், அம்மாவின் பழைய புடவையில் கிழித்தது.

படுத்திருந்தது அத்தான். காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே ஃபேஸ்புக்கில் சுற்றிய மருந்துப் பட்டியல் ஒன்று கைக்கு வந்துவிட்டது. அதில் முதல் வரியே டெக்ஸாமெத்தசோன், அதாவது டெக்ஸா என்ற ஸ்டீராய்டு மாத்திரை. சீட்டு இல்லாமலே கடையில் கிடைத்தது, விலையும் சல்லிசு. வாங்கி வந்தேன். அக்கா மகள் நர்ஸ் படித்தவள். அட்டையைப் பார்த்ததும், "விரலில் மாட்டுற கருவியில அப்பாவுக்கு ஆக்சிஜன் 96 காட்டுது மாமா, இப்போ இதைத் தொடாதீங்க" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. மருந்து கிடைக்காமல் ஊரே அலைகிறது, கையில் இருப்பதைக் கொடுக்கக் கூடாதாம்!

அப்புறம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள். 2020-இல் பிரிட்டன் மருத்துவமனைகளில் நடந்த ரெகவரி ஆய்வு. 6,425 நோயாளிகளைக் குலுக்கல் மாதிரிப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் தினம் 6 மில்லிகிராம் டெக்ஸா, அதிகபட்சம் 10 நாள். 28 நாளுக்குள் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் மருந்து இல்லாமல் 41 சதவீதம், மருந்தோடு 29. ஆக்சிஜன் மட்டும் வாங்கியவர்களில் 26, 23. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் கணக்கு திரும்பிவிட்டது: மருந்து இல்லாமல் 14, மருந்தோடு 17.8. அந்தக் கடைசி வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் நன்மை என்று காட்ட ஒன்றுமில்லை என்றாள். முதல் வாரம் உடம்பு வைரஸோடு சண்டை போடுகிறது, டெக்ஸா அந்தச் சண்டையைத்தான் அமுக்கும். பிறகு உடம்பின் கோபம் எல்லை மீறி நுரையீரலையே தாக்கும்போதுதான் அதற்கு வேலை.

ஒன்பதாம் நாள் 89. ஆக்சிஜன் சிலிண்டரை சைக்காவில் (சைக்கிள் ரிக்‌ஷா) ஏற்றிக்கொண்டு போய் விடியற்காலை மூன்று மணிக்கு வரிசையில் நின்றேன். வால்வைத் திறக்கும் சாவி என்னிடம் இல்லை; முன்னால் நின்ற பர்மியப் பெரியவர் கொடுத்தார். வீட்டில் ரெகுலேட்டரை மாட்டியதும் சிலிண்டரின் கழுத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, கசிந்து நுரைக்கிறதா என்று பார்த்தோம். அத்தான் மூக்கில் குழாய் ஏறிய அன்றுதான் அவள் அந்த அட்டையைப் பிரித்தாள், டாக்டர் ஒருவரிடம் போனில் கேட்டுவிட்டு. பத்தாம் மாத்திரையோடு நிறுத்தினோம். அத்தான் இன்று கடைக்குப் போய் வருகிறார். மருந்தால்தான் பிழைத்தார் என்று ஒருவரை வைத்து நான் சொல்ல மாட்டேன்.

51-ஆம் தெரு அக்கா:
உங்கள் அக்கா மகள் நல்ல பிள்ளை, தம்பி. எங்கள் வீட்டில் அப்படி ஆள் இல்லை. மாமனாருக்கு விரலில் மாட்டியபோது 93. பேசும்போது பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கினார், ஆனால் நாங்கள் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் இரவு போய்விட்டார். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்றைப் பிறகு படித்தேன். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதே ரத்தத்தில் உண்மை அளவு 88-க்குக் கீழே கிடந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பர்களில் 11.7. கருமையான தோலில் கருவி கூடுதலாகக் காட்டிவிடுகிறது. மாமனார் நல்ல கருப்பு. அவருக்கும் இதுதான் நடந்ததா, யாருக்குத் தெரியும்.

திங்கன்ஜூன் கடைக்காரர்:
நான் ஐவர்மெக்டின் கட்சி, அந்தப் பூச்சி மருந்துதான்! எட்டு மாத்திரை விழுங்கினேன், பிழைத்தேன், ஊரெல்லாம் சொன்னேன். பிரேசிலில் 1,358 பேரை வைத்து நடந்த சோதனை 2022 மார்ச்சில் வந்தது. மருத்துவமனைக்குப் போவதை அது குறைக்கவில்லை. நான் சொல்லி வாங்கிப் போட்டவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. சரி, வயிற்றுப் பூச்சியாவது போயிருக்கும்.

தாமுவே வாசி:
அக்கா, எண் ஒழுங்காக இருந்தபோதும் எங்கள் நர்ஸ் பெண் அத்தானைக் கூடத்தில் கொஞ்ச நேரம் நடக்கவிட்டு மறுபடி பார்ப்பாள். எட்டாம் நாள் உட்கார்ந்திருந்தபோது 95, நடந்ததும் 90. சிலிண்டர் தேட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று மார்பைப் பார்த்து எண்ணுவாள்.